ஆங்கில எழுத்தில் வரும் பிறமொழிப் பெயர்களைச் சரியாக உச்சரிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஐன்ஸ்டீன் என்று எழுதுகிறோம். அந்தப் பெயரின் ரோமன் எழுத்துகளைப் பார்த்தால் 'ஈ-ஐ-என்' என்ற மூன்றும் இரண்டு தடவை வருகின்றன. முதல் தடவை 'ஐன்' என்று படித்த நாமே அடுத்த தடவை அதே மூன்றை 'ஈன்' என்று படிக்கிறோம். ஜெர்மனில் 'ஈ-ஐ' சேர்ந்து வந்தால் எங்கேயும் 'ஐ'தான். 'எஸ்-டி' என்று தொடங்கும் பகுதி 'ஷ்ட்' என்று ஒலிக்கும். ஆகவே அவர் ஐன்ஷ்டைன். ஆங்கிலத்தில் 'ஈ-ஐ' கூட்டு ஒரு சொல்லில் 'ஈ', இன்னொன்றில் 'ஏ', மற்றொன்றில் 'ஐ' என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். அந்தக் குழப்பத்தை ஜெர்மன் பெயருக்குள் கொண்டுபோனதால் வந்த வினை இது.

பெயர்கள் ஆங்கிலத்தில் சிதைவதற்கு அடிப்படைக் காரணமும் இதுவே. ரோமன் எழுத்து என்றாலே ஆங்கில எழுத்து என்று நினைத்துக்கொள்கிறோம். போலிஷ், துருக்கி, வியட்நாம், ஹங்கேரி மொழிகள் எல்லாம் அதே எழுத்துகளை எடுத்துத் தங்களுக்கென்று வேறு ஒலி கொடுத்திருக்கின்றன. பெரும்பாலும் அந்த விதிகள் ஆங்கில விதிகளைவிட ஒழுங்கானவை. ஆங்கிலம் பேசுபவர் ஆங்கில விதிப்படி படிக்கிறார், பிழை பிறக்கிறது. நாம் அந்தப் பிழையை வாங்கித் தமிழில் எழுதும்போது இன்னொரு சுற்று திரிகிறது. மேடையில் பெயர் வாசிப்பவர், செய்தி எழுதுபவர், மொழிபெயர்ப்பாளர், பல நாட்டவரோடு வேலை பார்ப்பவர் ஆகியோருக்குக் கீழே உள்ள படிகள் பயன்படும்.

பிழை உருவாகும் விதம்

எழுத்தைத் தவறாகப் படிப்பது முதல் வகை. ஆங்கிலத்தில் இல்லாத ஒலிக்குப் பக்கத்தில் இருப்பதைப் போட்டுச் சமாளிப்பது இரண்டாவது. இவை இரண்டும் எளிதில் கண்ணில் படும். அவ்வளவு எளிதில் தெரியாத வகை அழுத்தம். ஆங்கிலம் ஒரு சொல்லில் ஓர் அசையைத் தூக்கிப் பிடித்து மற்ற அசைகளின் உயிரொலிகளை நசுக்கிவிடும். விசுவநாதன் என்ற பெயரில் 'நா' மட்டும் ஓங்கி ஒலித்து மற்றவை மங்கலாகக் கேட்பது அதனால்தான். எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் பெயர் அந்நியமாகத் தோன்றினால் அழுத்தத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சொல்லின் கடைசியில் குறில் 'எ' வருவதும் ஆங்கில வாய்க்கு ஒத்துவராது. அதை 'ஏய்' என்று நீட்டுவார்கள், 'ஈ' ஆக்குவார்கள், அல்லது விழுங்கிவிடுவார்கள். போர்ஷெ என்ற ஜெர்மன் குடும்பப் பெயர் பலர் வாயில் 'போர்ஷ்' ஆனது அப்படித்தான். தமிழ் வாய்க்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை. ஆங்கிலத்தைப் பார்த்து நாமும் விழுங்குவதற்குக் காரணம் பழக்கம் மட்டுமே.

அளவுக்கு மீறிய திருத்தம் இன்னொரு வகை; விஷயம் தெரிந்தவர்களிடம் அதிகம் காணப்படுவது. பெய்ஜிங் என்ற பெயரில் உள்ள 'ஜி' நம் 'ஜி'க்கு மிக நெருக்கமானது. ஆனால் வெளிநாட்டுப் பெயர் என்றாலே பிரெஞ்சுபோல மென்மையாகச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பில், 'விஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவில் வரும் ஒலியை அங்கே போடுகிறார்கள். சீனத்தில் அப்படி ஓர் ஒலி அந்த இடத்தில் கிடையாது. விஷயம் தெரியாதவர் வெறுமனே படித்திருந்தால் சரியாகவே படித்திருப்பார்.

படி 1: பெயர் எந்த மொழியுடையது?

நாட்டைக் கேட்காதீர்கள், பெயரின் மொழியைக் கேளுங்கள். 'ஜே-ஓ-எஸ்-ஈ' என்ற நான்கெழுத்துப் பெயர் ஸ்பானிஷ்காரருக்கு 'ஹொஸெ'. போர்ச்சுகல்காரருக்கு அதன் முதல் ஒலி மேலே சொன்ன 'விஷன்' ஒலி. மற்றது 'உஸே' என்பதுபோல முடியும். கால்பந்துப் பயிற்சியாளர் மொரீன்யோவை 'ஹொஸெ' என்று அழைப்பது ஒரு போர்ச்சுகீஸ் பெயருக்கு ஸ்பானிஷ் சட்டை போடுவது.

எழுத்துக் கூட்டுகளே மொழியைக் காட்டிக்கொடுக்கும் என்று நம்பி அவசரப்படவும் கூடாது. 'எஸ்-இசட்' கூட்டு போலிஷ் பெயரிலும் வரும், ஹங்கேரியப் பெயரிலும் வரும். போலிஷில் தனி 'எஸ்' என்றால் 'ஸ', 'எஸ்-இசட்' என்றால் 'ஷ'. ஹங்கேரியனில் அப்படியே தலைகீழ்: தனி 'எஸ்' என்றால் 'ஷ', 'எஸ்-இசட்' என்றால் 'ஸ'. அதனால்தான் கால்பந்து வீரர் புஷ்காஷ், இசையமைப்பாளர் லிஸ்த், தலைநகர் புதபெஷ்த். முதலில் மொழியை முடிவு செய்யாமல் எழுத்தைத் தொட்டால் இந்த இடத்தில் வழுக்கி விழுவது உறுதி.

சில பெயர்கள் மூன்று மொழிகளைக் கடந்து வந்திருக்கும். கூடைப்பந்து வீரர் யான்னிஸின் குடும்பப் பெயர் நைஜீரியாவின் யொருபா மொழியில் அதெதோகுன்போ. அவர் பிறந்தது ஏதென்ஸில். கிரேக்க எழுத்தில் 'தந்தை'யின் கடைசி எழுத்தில் கேட்கும் 'த' ஒலிக்கும் 'தம்பி'யில் கேட்கும் 'ப' ஒலிக்கும் தனி எழுத்துகள் இல்லை. முன்னால் மூக்கொலி எழுத்தைச் சேர்த்து எழுதுவார்கள், நம் 'ந்த', 'ம்ப' போலவே. அப்படிக் கிரேக்கத்தில் எழுதியதை எழுத்துக்கு எழுத்து ரோமனுக்கு மாற்றியதில் 'என்-டி', 'எம்-பி' எல்லாம் உள்ளே வந்துவிட்டன. அதைப் பார்த்து 'ஆன்டெடோகவுன்ம்போ' என்று ஆங்கிலத்தில் திணறுபவர்கள் படிப்பது யொருபாவும் இல்லை, கிரேக்கமும் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. அது மற்ற எல்லா விதிகளுக்கும் மேலானது. குடிபெயர்ந்த குடும்பங்கள் பெயரைத் தங்கள் புதிய நாட்டுக்கு ஏற்ப மாற்றிச் சொல்வார்கள். அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்த 'கோச் கே'யின் போலிஷ் குடும்பப் பெயர் 'கே-ஆர்-இசட்' என்று தொடங்குகிறது. போலிஷில் தொடக்கம் 'க்ஷி'. அவரோ 'ஷிஷெஃப்ஸ்கி' என்கிறார். அவருக்கு அதுதான் சரி. பெயருக்குரியவர் சொல்வதை மொழி இலக்கணத்தைக் காட்டித் திருத்துவது அதிகப்பிரசங்கித்தனம்.

படி 2: குறிகளோடு அசல் எழுத்தைத் தேடுங்கள்

எழுத்தின் மேலும் கீழும் உள்ள புள்ளி, கோடு, வால் எல்லாம் அலங்காரம் அல்ல. அவை விழுந்தால் வேறு எழுத்தாகிவிடும். கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் பெயருக்கு 26 ரோமன் எழுத்துகளுக்கு மட்டுமே இடம். விமான டிக்கெட், ஸ்கோர்போர்டு, மின்னஞ்சல் முகவரி எல்லாவற்றிலும் இதே கதை. நம் கைக்கு வரும் பெயர் ஏற்கெனவே மொட்டையடிக்கப்பட்டதாக இருக்கலாம்.

போலந்தின் முன்னாள் அதிபர் பெயரை ஆங்கிலத்தில் 'வலேசா' என்று படிப்பார்கள். அசலில் 'எல்' எழுத்தின் குறுக்கே ஒரு கோடு, 'ஈ' எழுத்தின் கீழே ஒரு வால். கோடு போட்ட 'எல்' போலிஷில் 'வ'போல, உதடு குவித்துச் சொல்வது. வால் வைத்த 'ஈ' மூக்கொலி. இரண்டையும் சேர்த்தால் லெஹ் வவென்ஸா. துருக்கி அதிபர் எர்தோஆன் பெயரில் 'ஜி' எழுத்தின் தலையில் ஒரு பிறை உண்டு. அந்த எழுத்துக்குத் தனி ஒலியே கிடையாது. முந்தைய உயிரைச் சற்று நீட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. பிறை விழுந்ததும் நமக்கு 'எர்டோகன்' கிடைத்துவிட்டார்.

ரஷ்யனில் இந்தத் தவறு ரஷ்யர்களின் சொந்த எழுத்துப் பழக்கத்திலேயே தொடங்குகிறது. 'யோ' ஒலிக்குரிய எழுத்தின் மேல் இரண்டு புள்ளிகள் உண்டு. அச்சில் பெரும்பாலும் அவற்றைப் போடமாட்டார்கள். ரஷ்யர்களுக்குப் பழக்கத்தில் தெரியும். புள்ளியில்லாத எழுத்தை 'ஈ' எழுத்தாக ஆங்கிலத்துக்கு மாற்றியதில் கர்பச்சோஃப் 'கோர்பசேவ்' ஆனார், க்ருஷ்ஷோஃப் 'குருசேவ்' ஆனார்.

அசல் எழுத்தைத் தேட எளிய வழி: ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்த நபரின் பக்கத்தைத் திறந்து, மொழிப் பட்டியலில் அவருடைய தாய்மொழிக்கு மாறுங்கள். தலைப்பிலேயே குறிகளோடு பெயர் இருக்கும். அதை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படிகளுக்கெல்லாம் அதுதான் மூலப்பொருள்.

படி 3: எழுத்துக்கு எழுத்து ஒலி

இங்கேதான் வேலை அதிகம். எல்லா மொழிக்கும் பட்டியல் போடுவதைவிட, அதிகம் ஏமாற்றும் எழுத்துகளைத் தெரிந்துகொள்வது பயன் தரும்.

'ஜே': ஜெர்மன், டச்சு, போலிஷ், ஸ்வீடிஷ் பெயர்களில் இது 'ய'. உளவியலாளர் யுங் அப்படித்தான். ஸ்பானிஷில் தொண்டையை உரசி வரும் 'ஹ'. பிரெஞ்சிலும் போர்ச்சுகீஸிலும் அந்த 'விஷன்' ஒலி. சீனத்தை ரோமனில் எழுதும் பின்யின் முறையில் கிட்டத்தட்ட நம் 'ஜ'.

'சி': துருக்கியில் 'ஜ'. எர்தோஆனின் முதல் பெயர் ரெஜெப், 'ரெசெப்' அல்ல. போலிஷ், செக், ஹங்கேரியனில் 'த்ஸ'. இந்தோனேசியனில் 'ச்ச'. இத்தாலியனில் 'ஈ', 'ஐ' எழுத்துகளுக்கு முன்னால் 'ச்ச', மற்ற இடங்களில் 'க'. பின்யினில் மூச்சை வெளியே தள்ளிச் சொல்லும் 'த்ஸ'.

'டபிள்யூ': ஜெர்மனிலும் போலிஷிலும் 'வ' (பல் உதட்டைத் தொட வேண்டும்). ஜெர்மனில் 'வி' எழுத்து பெரும்பாலும் 'ஃப'. வெல்ஷ் பெயர்களில் 'டபிள்யூ' உயிரெழுத்தாகவே வந்து 'உ' என்று ஒலிக்கும்.

'எக்ஸ்': 2014-இல் இந்தியத் தொலைக்காட்சிச் செய்தி ஒன்றில் சீன அதிபர் ஷி ஜின்பிங் 'லெவன் ஜின்பிங்' ஆனார். 'எக்ஸ்-ஐ' என்பதை ரோமன் எண் பதினொன்று என்று படித்துவிட்டார்கள். பின்யினில் 'எக்ஸ்' என்பது நாக்கை முன்னால் வைத்து, உதட்டைப் புன்னகைபோல விரித்துச் சொல்லும் 'ஷ'. அதே எழுத்து வியட்நாமியனில் 'ஸ'. தென்னாப்பிரிக்காவின் கோசா மொழியில் கடைவாய்ப் பக்கம் நாக்கைச் சொடுக்கும் ஒலி. கோசாவில் 'சி' எழுத்தும் ஒரு சொடுக்கொலிதான். யாருக்காவது இரக்கப்பட்டு நாம் 'ச்சு ச்சு' கொட்டுகிறோமே, அதுவே அந்த ஒலி. நம்மிடம் அது இருக்கிறது, சொல்லுக்குள் வைத்துப் பழக்கமில்லை என்பதுதான் சிக்கல்.

'இசட்-எச்' கூட்டு தமிழ் வாசகர்களைத் தனியாகக் கவிழ்க்கும். நாம் அதை 'ழ'வுக்கு எழுதுகிறோம். ரஷ்யப் பெயர்களின் ரோமன் வடிவில் அது 'விஷன்' ஒலி. பின்யினில் நாக்கை மேலே மடித்துச் சொல்லும் 'ஜ' போன்ற ஒலி. ஆகவே 'இசட்-எச்-ஓ-யூ' என்ற சீனக் குடும்பப் பெயர் ஏறத்தாழ 'ஜோவ்'. மூன்று மொழி, மூன்று ஒலி, ஒரே கூட்டு. சீனப் பெயரிலோ ரஷ்யப் பெயரிலோ 'ழ' போட்டு எழுதுவதை முதலில் நிறுத்த வேண்டும்.

'என்-ஜி'யில் தொடங்கும் பெயர் என்றால் ஆங்கிலத்தில் 'நி' என்றோ 'நெ' என்றோ ஓர் உயிரை நுழைத்து உடைத்துவிடுவார்கள். வியட்நாமில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருக்கும் குடும்பப் பெயர் அப்படித்தான் 'நிகுயென்' ஆனது. நமக்கு 'ங' என்று தனி எழுத்தே இருக்கிறது. 'தங்கம்' என்று சொல்லும்போது நாக்கு எங்கே நிற்கிறதோ அங்கேயே நிறுத்தி 'ங்வியென்' என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். வியட்நாமிய எழுத்தை வடிவமைத்தவர்கள் ஐரோப்பியப் பாதிரிமார்கள். அலெக்ஸாந்தர் தெ ரோத் தொகுத்த அகராதி 1651-இல் ரோமில் அச்சானது. ஆகவே அந்த எழுத்துகளுக்குப் பின்னால் இருப்பது போர்ச்சுகீஸ், இத்தாலியப் பழக்கம். ஆங்கிலத்தை அங்கே தேடிப் பயனில்லை.

கொரியப் பெயர்களில் பிழை எழுதியவர்களிடமே தொடங்குகிறது. 'பார்க்' என்று நாம் சொல்லும் குடும்பப் பெயரில் 'ர்' கிடையவே கிடையாது; அது 'பக்'. 'ஏ' எழுத்து மட்டும் இருந்தால் ஆங்கிலத்தில் வேறு மாதிரி படித்துவிடுவார்கள் என்று, பிரிட்டிஷ் வழக்கில் ஒலிக்காத 'ஆர்' ஒன்றை உள்ளே வைத்து 'ஆ' ஒலியைக் காட்டினார்கள். 'ஆர்' எழுத்தை ஒலித்தே பழகிய அமெரிக்கர்களும் நாமும் அதைப் படித்துவிட்டோம். அதேபோல 'லீ' தென்கொரியாவில் வெறும் 'ஈ'. 'சோய்' என்பது 'ச்வே'.

படி 4: எது குடும்பப் பெயர், எங்கே வெட்டக் கூடாது

சீன, கொரிய, வியட்நாமிய, ஹங்கேரியப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும். ஜப்பானியரும் அப்படியே, ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் மாற்றிப் போட்டுவந்தார்கள். 2020 ஜனவரி 1 முதல் ஜப்பான் அரசு தன் ஆவணங்களில் ரோமன் எழுத்திலும் குடும்பப் பெயரையே முதலில் எழுதுகிறது. பழைய செய்தியையும் புதிய செய்தியையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவது இதனால்தான்.

வியட்நாமில் குடும்பப் பெயர் முன்னால் இருந்தாலும் ஒருவரை மரியாதையாகக் குறிப்பிடுவது கடைசிப் பெயரால். தியென் பியென் ஃபூ போரில் வென்ற தளபதி வொ ங்வியென் ஸாப், 'தளபதி ஸாப்' என்றே அறியப்படுகிறார். அரபுப் பெயரில் 'அப்துல்' தனியாக நிற்காது. 'இன்னாரின் அடியான்' என்பதில் முன்பாதி அது. அப்துல் ரஹ்மானை 'மிஸ்டர் அப்துல்' என்பது பெயரைப் பாதியில் வெட்டுவது. கார்சியா மார்க்கேஸுக்கு இரண்டும் சேர்ந்துதான் குடும்பப் பெயர், வெறும் 'மார்க்கேஸ்' அல்ல.

நம்மவர் பெயருக்கும் இது நடந்திருக்கிறது. சதுரங்க உலகம் ஆனந்தைச் செல்லமாக 'விஷி' என்கிறது. விசுவநாதன் அவருடைய தந்தை பெயர்.

படி 5: அழுத்தமும் நீளமும்

செக், ஹங்கேரியன், ஃபின்னிஷ்: முதல் அசையில் அழுத்தம். போலிஷ்: கடைசிக்கு முந்தைய அசை. பிரெஞ்சு: கடைசி. இந்த மூன்று வரி பாதிப் பெயர்களைக் காப்பாற்றும். டென்னிஸ் வீராங்கனை நவ்ராத்திலோவாவை ஆங்கிலத்தில் 'லோ'வில் அழுத்தி அழைத்தார்கள். செக் மொழியில் அழுத்தம் 'நவ்'வில். ரஷ்யனில் விதி பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஒவ்வொரு பெயருக்கும் தேடித்தான் ஆக வேண்டும். நபோகவ் என்ற பெயரில் அழுத்தம் 'போ'வில். ஆங்கிலத்தில் அதை முதல் அசைக்குத் தள்ளுவார்கள்.

எழுத்தின் தலையில் சாய்ந்த கோடு இருந்தால் அழுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்பானிஷில் அது அழுத்தம். செக்கிலும் ஹங்கேரியனிலும் நெடில். பிரெஞ்சில் உயிரொலியின் தன்மை. வியட்நாமியனில் குரல் மேலேறும் தொனி.

ஜப்பானியப் பெயருக்கு ஆங்கில அழுத்தமே வேண்டாம். ஒவ்வொரு அசைக்கும் ஒரே அளவு நேரம், நெடிலுக்கு இரட்டை. குறில் நெடில் பார்த்துப் பேசும் நமக்கு இது இயல்பாகவே வரும். ஆனால் ரோமனில் நெடில் குறி விழுந்துவிடுவதால் 'ஓனோ', 'ஒனோ' என்ற இரு வேறு குடும்பப் பெயர்களும் ஒன்றுபோலத் தெரியும். அசலைப் பார்க்காமல் ஊகிக்க முடியாது.

சீன, வியட்நாமியத் தொனிகளைப் பற்றிக் கேட்பார்கள். தமிழ் வாக்கியத்தின் நடுவில் வாசிக்கும்போது தொனியை விட்டுவிடலாம். மெய்யும் உயிரும் சரியாக இருந்தால் போதும். அரைகுறைத் தொனி கேலிபோல ஒலிக்கும். நேரில் ஒருவரை அழைக்கும்போது மட்டும் அவர் சொல்வதைக் கேட்டு அந்த ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றிப் பாருங்கள்.

படி 6: காதால் சரிபாருங்கள்

விக்கிப்பீடியாவில் பெயருக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கிக் குறி இருந்தால் அதைத் தட்டுங்கள். இல்லையென்றால் ஃபோர்வோ தளத்தில் தேடி, அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் பதிவு செய்ததா என்று பாருங்கள். எல்லாவற்றிலும் நம்பகமானது, அவரே தாய்மொழியில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வீடியோ. ஆங்கிலப் பேட்டியில் தொகுப்பாளர் அழைப்பதைக் கேட்டுப் பயனில்லை. ஆங்கிலத்தில் பேசும்போது அவரே தன் பெயரை ஆங்கிலத்துக்கு வளைத்துச் சொல்வதும் உண்டு. ஸ்வீடன் செயல்பாட்டாளர் கிரேத்தாவின் குடும்பப் பெயர் ஆங்கிலத்தில் 'துன்பெர்க்'. ஸ்வீடிஷில் 'தூன்பெர்ய்'.

எழுத்தைப் பார்க்காமல் முதலில் கேளுங்கள். கண் முந்திக்கொண்டால் காது அதற்குப் பின்பாட்டுதான் பாடும். கேட்டதைத் தமிழில் எழுதிய பிறகே ரோமன் எழுத்தோடு ஒப்பிடுங்கள்.

மொழிபெயர்ப்புச் செயலியின் குரலையும் பயன்படுத்தலாம், ஒரு நிபந்தனையோடு: குறிகளோடு உள்ள அசல் பெயரை ஒட்டி, உள்ளீட்டு மொழியைப் பெயரின் மொழிக்கு மாற்ற வேண்டும். ஆங்கிலத்திலேயே விட்டால் இயந்திரமும் 'வலேசா' என்றுதான் படிக்கும்.

படி 7: தமிழில் குறித்துக்கொள்வது

வாசிக்கும் தாளில் அசை அசையாகப் பிரித்து எழுதி, அழுத்தம் உள்ள அசைக்கு அடிக்கோடு போடுங்கள். ஆங்கிலத்தில் இப்படிக் குறிப்பதைவிடத் தமிழில் குறிப்பது பல விதத்தில் மேலானது: எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு உண்டு, 'ங' உண்டு, த-ட வேறுபாடு உண்டு.

கடைசியில் சொன்ன த-ட வேறுபாட்டைத்தான் நாம் வீணடிக்கிறோம். ஆங்கிலத்தின் 'டி' ஒலியைத் தமிழில் 'ட' என்று எழுதிப் பழகி, எல்லா மொழிக்கும் 'ட' போடுகிறோம். பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன், ரஷ்யன், போலிஷ் எல்லாவற்றிலும் நாக்கு பல்லைத் தொடும். அது நம் 'த'. ரஷ்யனிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்த காலத்து நூல்களில் தல்ஸ்தோய், தஸ்தயேவ்ஸ்கி என்று இருக்கும். ஆங்கிலம் வழியே வந்தவர் டால்ஸ்டாய். முன்னதுதான் காதுக்கு நெருக்கம்.

ஒரு பெயரை முழுதாகச் செய்து பார்க்கலாம். போலந்து கால்பந்து வீரரைச் செய்திகளில் 'லெவன்டோவ்ஸ்கி' என்று எழுதுகிறார்கள். முதல் 'டபிள்யூ' 'வ', சரி. நடுவில் உள்ளது பல்லைத் தொடும் ஒலி, ஆகவே 'ந்த'. 'ஓ' எழுத்து போலிஷில் குறில். இரண்டாவது 'டபிள்யூ' அடுத்து வரும் 'ஸ்'ஸின் பாதிப்பால் 'ஃப்' ஆகிவிடும். அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில். லெ-வன்-தொஃப்-ஸ்கி, அடிக்கோடு 'தொஃப்'க்கு. வாசிப்பில் 'லெவந்தொஃப்ஸ்கி'.

தமிழ் எழுத்தின் குறை, க-ச-ட-த-ப ஐந்துக்கும் வல்லொலி மெல்லொலி பிரித்துக் காட்ட முடியாதது. உயிர்களுக்கு நடுவில் ஒற்றை 'ப' வந்தால் 'சபை'யில்போலத் தளர்ந்து ஒலிக்கும். வல்லொலி வேண்டுமென்றால் இரட்டிக்க வேண்டும்: எம்பப்பே என்று எழுதினால் சரி, 'எம்பபே' என்றால் வேறு பெயர். சொல்லின் முதலில் தளர்ந்த ஒலி வேண்டும்போது எழுத்தில் வழியில்லை. தாந்தே என்ற பெயரின் முதல் 'தா' அப்படிப்பட்டது. சொந்தக் குறிப்பில் அந்த எழுத்தின் கீழே ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பழைய வடிவத்தையும் உடைத்தெறிய வேண்டுமா? காரல் மார்க்ஸையும் பாரிஸையும் மாற்றி எழுதினால் வாசகர்தான் திண்டாடுவார். தமிழில் ஊன்றிவிட்ட பெயர்களை விட்டுவிடுங்கள். உயிரோடு இருப்பவர்களுக்கும் புதிதாகத் தமிழுக்கு வரும் பெயர்களுக்கும் இந்த உழைப்பைச் செலவிடுங்கள். பிபிசி வானொலி 1926-லேயே அறிவிப்பாளர்களின் உச்சரிப்புக்கென்று ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. செய்தி அறைகளில் பெயர்ப் பட்டியல் ஒன்றைப் பராமரிப்பது அவ்வளவு பெரிய காரியம் இல்லை.

படி 8: ஆளையே கேட்பது

நேரில் கேட்க முடிந்தால் மேலே சொன்னதில் பாதி தேவைப்படாது. நிகழ்ச்சிக்கு முன்பே, தனியாக இருக்கும்போது கேளுங்கள்: "உங்கள் பெயரை நீங்கள் சொல்வதுபோலவே சொல்ல விரும்புகிறேன், ஒருமுறை சொல்லுங்கள்." உடனே திருப்பிச் சொல்லிச் சரியா என்று கேட்டு, அவர் எதிரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு முயற்சிக்குமேல் வேண்டாம்; மூன்றாவதிலிருந்து அவருக்கு அது தேர்வறை ஆகிவிடும். "ரொம்பக் கஷ்டமான பெயர்" என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். சுருக்கி ஒரு செல்லப் பெயர் வைப்பதும் அவர் செய்ய வேண்டியது, நாம் அல்ல.

மேடையில் தவறிவிட்டால் அதே மூச்சில் திருத்திச் சொல்லிவிட்டு நகருங்கள். நீண்ட மன்னிப்பு, பெயருக்குரியவரைத்தான் சங்கடப்படுத்தும்.

உங்கள் பெயர் ஆங்கிலத்தில் சிதையும்போது

தமிழ்ப் பெயர்களில் 'த'வுக்கு 'டி-எச்' போடுகிறோம். ஆங்கிலத்தில் அது பற்களுக்கு நடுவே நாக்கை நீட்டிச் சொல்லும் ஒலி. குறில் 'அ'வுக்கும் நெடில் 'ஆ'வுக்கும் ஒரே 'ஏ' எழுத்து. ஆகவே அருண் 'ஆரூன்' ஆவதற்கு ஆங்கிலேயரை மட்டும் குறை சொல்ல முடியாது. எழுத்தை இனி மாற்ற முடியாது என்றால், தெரிந்த ஆங்கிலச் சொல் ஒன்றை ஒப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கமலா ஹாரிஸ் 2019-இல் வெளியிட்ட தன் நூலில் 'கமா' என்ற நிறுத்தற்குறியைச் சொல்லித்தான் தன் பெயரை விளக்கினார்.

பெயரில் 'ழ' இருந்தால் எழுத்தை மறக்கச் சொல்லுங்கள். அமெரிக்கர்கள் பலரின் 'ர்' நாக்கை மடித்து வருவது. 'ழ'வுக்கு 'இசட்'டைவிட எவ்வளவோ நெருக்கம். "இதை 'ஆர்' என்று நினைத்துச் சொல்லுங்கள்" என்றால் முதல் முயற்சியிலேயே பெரும்பாலும் பக்கத்தில் வந்துவிடுவார்கள்.

லிங்க்ட்இன் தளம் 2020 முதல் பெயரை ஒலியாகப் பதிவு செய்ய வசதி தருகிறது, 10 விநாடி வரை. முதலில் இயல்பான வேகத்தில் முழுப்பெயர், அடுத்து அசை அசையாக மெதுவாக, பிறகு மறுபடி இயல்பான வேகத்தில் ஒரு தடவை. மெதுவாகச் சொல்வதோடு நிறுத்தினால் கேட்பவர் அந்த இழுவையையும் சேர்த்துக் கற்றுக்கொள்வார். பதிவு செய்யும்போது ஆங்கில வாக்கியத்துக்குள் பெயரை வைக்காதீர்கள். "மை நேம் இஸ்" என்று தொடங்கினாலே நாக்கு ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். பெயரை மட்டும் தமிழில் சொல்லுங்கள்.